ஏழாவது அட்டை

போர்ட்டோ லினாரெஸ், சான்டா ரெனாட்டா
பிப்ரவரி 19

எல்டன்,

போனில் நாம் கத்திக்கொண்டது போதும். நீ பாதியில் வைத்தாயா, நான் வைத்தேனா என்பது இப்போது ஞாபகமில்லை. ஆபீஸ் மின்னஞ்சலில் எழுதினால் எல்லாம் பதிவாகிவிடும் என்று நீ எப்போதும் பயப்படுவாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். தூதரகத் தபால் பை வாரம் ஒருமுறை வாஷிங்டன் வருகிறது.

ஒரே ஒரு கேள்விதான். அந்த ஆட்சேபக் கடிதத்தை எழுதியது நீயா?

புயல் அடித்து ஐந்து மாதமாகிறது. இந்தத் தீவில் இருப்பது ஒரே சர்க்கரை ஆலை. அதன் பாய்லரைப் புயல் பிளந்துவிட்டது. நம் நாட்டில் சர்க்கரை விற்கக் கூடுதல் கோட்டா கிடைத்திருக்கிறது என்று ஒரு தாளைக் காட்டினால்தான் பாய்லர் கம்பெனிக்காரன் உதிரிபாகத்தைக் கப்பலிலிருந்து இறக்குவான். இரண்டு வருஷத்துக்கு, வருஷம் இருபதாயிரம் டன். நம் ஜனங்கள் ஒரு பகல் பொழுதில் தின்று தீர்க்கிற சர்க்கரை அது. அதற்கான மசோதாவைக் கீழ்ச்சபை நிறைவேற்றிவிட்டது. செனட்டில் விவாதமே இல்லாமல் எல்லோர் சம்மதத்தோடும் முடிந்துவிடும், தைரியமாகச் சொல்லலாம் என்று என் அமைச்சகம் எனக்குத் தகவல் அனுப்பியது. நானும் போய்ச் சொன்னேன். ஆயிரத்து நானூறு கரும்புக் குடும்பங்களின் கூட்டத்தில், தூதரகத்தின் வர்த்தக அதிகாரியாக மேடையேறி, இந்த வாயால் சொன்னேன்.

அவர்களுடைய கரும்புச் சங்கத்துக்குச் செயலாளர் டெல்ஃபினா அராவுஸ். ஆலையின் எடை மேடையில் வேலை பார்ப்பவள். லாரியின் டயரைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லிவிடுவாள். "எழுத்துல தருவீங்களா?" என்று கேட்டாள். என் வார்த்தை போதாதா என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

போன வெள்ளிக்கிழமை, தொண்ணூற்றொன்பது பேர் சும்மா இருக்க, ஒருவர் மட்டும் கடிதம் கொடுத்து ஆட்சேபித்திருக்கிறார். ஒருவர் மறுத்தாலே போதுமே. மசோதா அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஒருவர் செனட்டர் ப்ரெக்கஸ். என் சொந்த மாநிலத்துக்காரர், என் சொந்தத் தம்பியின் முதலாளி.

மார்ச் இறுதிக்குள் அரவை தொடங்க வேண்டும். ஏப்ரல் நடுவில் மழை வந்துவிடும். ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

மாரிட்


வாஷிங்டன்
மார்ச் 3

அன்புள்ள அக்கா,

ஆமாம். ஆட்சேபக் கடிதத்தை எழுதியது நான்தான். நாலு வரி, காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். கொலைகாரனைப் பிடித்துவிட்ட சந்தோஷம் உனக்குக் கிடைக்கட்டும்.

இப்போது நான் சொல்வதையும் கேள். ஜூன் 9 அன்று கட்சிக்குள் வேட்பாளர் தேர்தல். எதிரே நிற்பவன், சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்குக் கூட்டுறவுச் சங்கத்தின் வக்கீல். ப்ரெக்கஸ் வெளிநாட்டுச் சர்க்கரைக்குக் கதவைத் திறந்துவிட்டார் என்று சொல்ல ஒரு சாக்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். இந்தத் தேர்தலில் ஐந்தில் ஒருவர்தான் ஓட்டுப் போட வருவார். அப்படி வருகிறவர்களில் நம் அப்பா மாதிரி பீட் கிழங்கு போடுகிறவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் வருவார்கள். அங்கே ஆயிரம் ஓட்டு சாய்ந்தால் செனட்டர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், நானும்தான்.

எங்கள் முன் அறையில் ஒரு பெண் போனை எடுக்கிறாள். மாநிலத்திலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் தாளில் ஒரு கோடு போடுகிறாள். வாரக் கடைசியில் அந்தத் தாள்தான் செனட்டரின் மேஜைக்குப் போகிறது. கிழங்குக்காகப் போன வாரம் நானூற்றுப் பன்னிரண்டு கோடு. உன் தீவுக்காக ஒன்றுகூட இல்லை. டெல்ஃபினா அம்மாளுக்கு நம் மாநிலத்தில் ஓட்டு இல்லை. இதை நான் உண்டாக்கவில்லை அக்கா, நான் வருவதற்கு முன்பே இது இப்படித்தான் இருந்தது.

செனட்டர் ஒன்றும் ராட்சசன் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்தத் தீவுக்காரங்க பாவம்தான் எல்டன். நியாயமா குடுக்க வேண்டியது. ஜூன் ஒம்போது தாண்டட்டும், நாமளே எடுத்துடுவோம்." ஜூன் 10 காலையில் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை நானே தட்டச்சு செய்கிறேன். இது என் வாக்கு.

மூன்று மாதம் பொறுத்தால் என்ன? கரும்பு எங்கே ஓடிவிடப் போகிறது? நம் கிழங்கு அக்டோபரில் தோண்டினால் மார்ச் வரைக்கும் வெட்டவெளியில் மலைமலையாகக் குவிந்து கிடக்கிறது. பனி கொட்டுகிறது, எல்லாம் உறைந்து கல்லாகிறது, சர்க்கரை அப்படியே இருக்கிறது. நீயும்தான் அந்தக் குவியலில் ஏறி வழுக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவள்.

கடைசியாக ஒன்று. போன ஞாயிறு அப்பாவிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். "ரெண்டு பேரையும் படிக்க வச்சது அந்தக் கிழங்குதான்னு அவகிட்ட சொல்லுடா" என்றார். சொல்லிவிட்டேன்.

எல்டன்


போர்ட்டோ லினாரெஸ்
ஏப்ரல் 6

எல்டன்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை வெட்கம் வந்தது. மூன்றாம் முறை, கிழங்குக் குவியல் என்ற இடத்தில் நின்றேன், தாளைச் சுவரில் வீசினேன்.

முட்டாளே, கரும்பு வேறு. வெட்டிய கரும்பை மூன்று நாளுக்குள் அரைக்காவிட்டால் புளித்துப் போகும். வெட்டாமல் வயலில் விட்டால் மழை பெய்து, பூத்து, உள்ளே சக்கைதான் மிஞ்சும். இங்கே பனி இல்லை, எதையும் உறைய வைத்துக் காப்பாற்ற யாரும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கிழங்கைப் பார்த்து வளர்ந்தவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு யோசனை வரும். விமானத்தில் நாலு மணி நேரம். ஒருநாள் வந்து பார்த்திருக்கலாம். அல்லது ஒரே ஒரு ஆளிடம் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவே இல்லை உனக்கு.

மார்ச் 28 வரை டெல்ஃபினா வெட்டு உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பாய்லர் கம்பெனியின் கப்பல் பாகத்தை இறக்காமலே போய்விட்டது. 29ஆம் தேதி ஆலையின் கதவைப் பூட்டினார்கள். ஊரே வந்து நின்றது. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்கவில்லை. டெல்ஃபினா மட்டும் பக்கத்தில் வந்து, "எழுத்துல கேட்டேனே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இனி இதைக் கேள். ஆலை பூட்டிய மறுநாளே சீனத் துறைமுகக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து இறங்கினார். பெயர் ஃபெங். ஆலை இருக்கும் நிலத்தையும் துறைமுகத்தையும் சேர்த்து அறுபது வருஷத்துக்குக் குத்தகை கேட்கிறார். தீவின் அரசாங்கம் ஓரிரு நாளில் கையெழுத்துப் போட்டுவிடும். நமக்கு ஒரு தாள் நகர ஆறு மாதம் போதவில்லை. அவர்களுக்கு ஒன்பது நாள் போதும்.

ஹோட்டலில் அவரும் நானும் காபி குடித்தோம். எப்படி இவ்வளவு வேகம் என்று கேட்டேன். சிரித்தார். "உங்களுக்கு ஓட்டுப் போடுறவங்ககிட்ட பயம். எனக்கு மேல இருக்கறவங்ககிட்ட பயம். அக்டோபர்ல எங்க ஊர்ல கட்சியோட பெரிய கூட்டம். அதுக்கு முன்னாடி எங்க மாகாணத் தலைவர் வெளிநாட்டுத் துறைமுகம் ஒண்ணைப் பிடிச்சுக் காட்டியாகணும். இங்க கப்பல் வருமா வராதான்னு யாரும் என்கிட்ட கேக்கல. நானா போய்ச் சொன்னா வேலை போயிடும்" என்றார். கப்பல் வராது என்று அவருக்கே தெரியும். நானும் சேர்ந்து சிரித்தேன். அறைக்குப் போனதும் ஏன் சிரித்தோம் என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. உன் ஆளுக்கு ஜூன். அவர் ஆளுக்கு அக்டோபர். கரும்புக்கு என்ன மாதம் என்று இரண்டு ஊரிலும் ஒருத்தனும் பார்க்கவில்லை.

குத்தகை வரப்போகிறது என்று வாஷிங்டனுக்கு மூன்று முறை எச்சரித்து எழுதிவிட்டேன். பதில் இல்லை.

அப்பாவிடம் சொல்: கிழங்குதான் என்னைப் படிக்க வைத்தது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த எரிச்சல்.

மாரிட்


வாஷிங்டன்
ஜூன் 12

அன்புள்ள அக்கா,

ஜெயித்துவிட்டோம். ஆயிரத்து நூறு ஓட்டு வித்தியாசம். நான் சொன்னது சரிதானே?

சொன்னபடியே செய்தும் விட்டேன். 10ஆம் தேதி காலை ஒன்பது மணிக்கு, முந்தின இரவுக் கொண்டாட்டத்தில் களைத்து இன்னும் யாரும் தூங்கி எழாதபோது, ஆட்சேபத்தைத் திரும்பப் பெறும் கடிதம் போய்விட்டது. நேற்று மாலை மசோதா நிறைவேறியது. முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. டெல்ஃபினா அம்மாளிடம் சொல், கோட்டா வந்துவிட்டது. எழுத்திலேயே வந்திருக்கிறது, நகல் இத்துடன்.

கரும்பு விஷயத்தில் நான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்த பருவம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா? நான் பாடுபட்டு இதை நிறைவேற்றியிருக்கிறேன். ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லக் கூடாதா?

எல்டன்


போர்ட்டோ லினாரெஸ்
ஜூன் 24

எல்டன்,

யாருக்குக் கோட்டா?

ஆலையின் உருளைகளைப் பழைய இரும்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள். எடை மேடையைப் பெயர்த்துவிட்டார்கள். அந்த இடத்தில் கொள்கலன் அடுக்க சிமெண்ட் போடுகிறார்கள். டெல்ஃபினா அதே இடத்தில், ஃபெங் கம்பெனியின் கேன்டீனில் தட்டு எடுக்கிறாள். அவளிடம் உன் நகலைக் காட்டினேன். முதலில் கையைத் துடைத்துக்கொண்டாள். முழுசும் படித்தாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "நல்ல காகிதம்" என்றாள்.

நல்ல வார்த்தை வேண்டும் என்றாயே. இதுதான் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

மாரிட்


வாஷிங்டன்
செப்டம்பர் 8

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நீ வேறு யாரிடமிருந்தாவது கேள்விப்படுவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டும்.

ஆகஸ்டில் அந்தத் துறைமுகத்துக்கு எரிபொருள் நிரப்ப வந்து மூன்று நாள் நின்றதே சீனப் போர்க்கப்பல், அதன் படம் இப்போது நம் ஊர் டிவியில் மணிக்கு நாலு தரம் வருகிறது. நவம்பர் 3 பொதுத் தேர்தல். கருத்துக்கணிப்பில் செனட்டர் இரண்டு புள்ளி பின்னால் இருந்தார். கப்பல் வந்ததும் மூன்று புள்ளி முன்னால் போய்விட்டார். "நம் வாசலில் எதிரி வந்து நிற்கும்வரை யார் தூங்கிக்கொண்டிருந்தார்கள்?" என்று அவர் செனட்டில் முழங்கியதை நீ பார்த்திருப்பாய். எழுதியது யார் என்று கேட்க மாட்டாய் என நினைக்கிறேன்.

இப்போது செனட் குழு விசாரணை வைக்கிறார்கள். செப்டம்பர் 24. தூதரகத்தின் வர்த்தக அதிகாரியைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டும் என்று செனட்டர் சொல்லிவிட்டார். அந்த அதிகாரி என் அக்கா என்று சொன்னேன். "அப்படியா, நல்லதாப் போச்சு, சுமூகமா முடியும்" என்றார்.

அவர் சுமூகம் என்றது இதைத்தான். துறைமுகக் குத்தகையைப் பற்றித் தூதரகம் முன்கூட்டிச் சரியாக உணரவில்லை என்று நீ ஒரு வரி சொன்னால் போதும். அவர் உன்னைக் கடுமையாகக் கேட்க மாட்டார். இரண்டு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். உன் வேலைக்கு ஒன்றும் ஆகாதபடி நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். உனக்கு உடம்பு சரியில்லை என்று வராமலிருக்க வழி உண்டா?

எல்டன்


போர்ட்டோ லினாரெஸ்
செப்டம்பர் 14

எல்டன்,

மூன்று முறை எச்சரித்தேன். மூன்றுக்கும் தேதி இருக்கிறது. நான் தூங்கினேன் என்று நானே சொல்ல வேண்டுமா? கதவைப் பூட்டியவர் அவர். பூட்டைச் செய்து கொடுத்தவன் நீ. உள்ளே மாட்டிக்கொண்டவள் மன்னிப்புக் கேட்க வேண்டுமா?

எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, வருகிறேன்.

உன் மார்ச் 3 கடிதம் என்னிடம் இருக்கிறது. சுவரில் வீசியதைப் பிறகு எடுத்து மடித்து வைத்தேன். "தீவுக்காரங்க பாவம்தான், நியாயமா குடுக்க வேண்டியது, ஜூன் ஒம்போது தாண்டட்டும்." உன் கையெழுத்தில், உன் பெயரோடு. மின்னஞ்சலுக்குப் பயந்தவன் காகிதத்துக்குப் பயப்படவில்லையே.

அதைக் கைப்பையில் கொண்டுவருகிறேன். வெளியே எடுப்பேனா என்று எனக்கே தெரியாது. எடுத்தால் உன் வேலை போகும், அதன்பின் இந்த ஊரில் உன்னை எவனும் சேர்க்க மாட்டான். எடுக்காவிட்டால் என் பதினேழு வருஷ உழைப்புக்கு மேலே தூங்குமூஞ்சி என்று எழுதி ஒட்டிவிடுவார்கள். என்னைக் கேட்கப் போகும் கேள்விகளை எழுதுவது யார்? நீதானே? அப்படியானால் உட்கார்ந்து எழுது. உன் அக்காவை என்ன கேட்பதாக இருக்கிறாய் என்று பார்க்கிறேன்.

மாரிட்


வாஷிங்டன்
செப்டம்பர் 21

அக்கா,

உன் ஹோட்டலுக்கு ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன்.

கேள்விகளை எழுதிவிட்டேன். எட்டு அட்டைகள். செனட்டர் அட்டைகளை முன்கூட்டிப் படிப்பதே இல்லை. பதினோரு வருஷமாக நான் பார்க்கிறேன். மேலே இருப்பதை எடுப்பார், சத்தமாகப் படிப்பார், அடியில் செருகுவார். போன வருஷம் ஒரு அட்டையில் நான் எழுதி அடிக்க மறந்த "மூச்சு விடவும்" என்பதையும் சேர்த்துப் படித்தார்.

முதல் ஆறு அவருக்குப் பிடித்த மாதிரி இருக்கும். உன்னைக் குத்தும். பொறுத்துக்கொள். ஏழாவது அட்டை இது: "இந்தத் தீவின் ஆலையைக் காப்பாற்றியிருக்கக்கூடிய மசோதா பிப்ரவரியில் ஏன் நின்றது, யார் நிறுத்தியது, அதற்கு உங்களிடம் எழுத்தில் ஆதாரம் உண்டா?"

அவரே கேட்பார், அவர் வாயால். நீ பையைத் திறந்தால் போதும். நீ தம்பியைக் காட்டிக்கொடுத்ததாக ஆகாது. கேட்டதற்குப் பதில் சொன்னதாக ஆகும்.

நான் அவருக்குப் பின்னால், சுவரோரம் உட்கார்ந்திருப்பேன்.

எல்டன்


வாஷிங்டன், விமான நிலையம்
செப்டம்பர் 25

எல்டன்,

விமானத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

கேள்வி கேட்க ஒரு செனட்டருக்கு ஐந்து நிமிஷம்தான் என்பது உனக்குத் தெரியாதா? பதினோரு வருஷம் அங்கே உட்கார்ந்திருக்கிறாயே. எட்டு அட்டை எழுதுகிறவன் கடிகாரத்தைப் பார்க்க மாட்டானா?

முதல் அட்டையைப் படித்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். அட்டையை மறந்துவிட்டார். போர்க்கப்பலைப் பற்றி, நம் ஊர் மண்ணைப் பற்றி, தன் தாத்தா கலப்பை பிடித்ததைப் பற்றி நாலே கால் நிமிஷம் பேசினார். எனக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிவதற்குள் அவர் என்னிடம் பதில் எதிர்பார்த்துக் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அம்மா, நீங்க முழிச்சிருந்தீங்களா, தூங்கிட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க." முழித்திருந்தேன், மூன்று முறை எழுதினேன் என்று ஆரம்பித்தேன். "நேரம் முடிந்தது" என்றார் குழுத் தலைவர். அவ்வளவுதான். டிவியில் இன்று காலையிலிருந்து ஓடுவது, அவர் கேள்வியும் நான் வாயைத் திறந்து மூடுவதும்.

ஏழாவது அட்டை அவர் கையிலிருந்த அடுக்கிலேயே கிடந்தது. என் கை பைக்குள் இருந்தது. உன்னைப் பார்த்தேன். நீ உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

வெளியே வந்தபோது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க அப்பா எப்படி இருக்கார்? அவர் வயல் கிழங்குக்கு ஈடே கிடையாது. அப்பாவைக் கேட்டதா சொல்லுங்க." அதில் பொய்யே இல்லை. உள்ளே நடந்தது வேறு ஒருத்தியோடு நடந்தது என்பதுபோல அவ்வளவு பிரியமாகச் சொன்னார். அவருக்கு என் மேல் ஒரு கோபமும் இல்லை, எல்டன். என்னை நசுக்குவதற்குக் கோபம்கூடத் தேவைப்படவில்லை.

அமைச்சகம் என் மேல் உள்விசாரணை வைத்திருக்கிறது. தீவில் இருக்கும் சாமானைக் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

மாரிட்


வாஷிங்டன்
அக்டோபர் 2

அக்கா,

ஷூவைப் பார்த்தேன். உண்மைதான். கடிகாரமும் எனக்குத் தெரியும். கேட்டால் நல்லது, கேட்காவிட்டாலும் என் மனசாட்சிக்கு ஏழாவது அட்டை எழுதியாகிவிட்டது என்று எங்கோ உள்ளே நினைத்திருக்கிறேன். இதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் ஒரு வழக்கம் பாக்கி இருக்கிறது. விசாரணையில் நேரமில்லாமல் போன கேள்விகளை எழுத்தில் அனுப்பலாம். சாட்சி எழுத்தில் பதில் தர வேண்டும். இரண்டும் விசாரணைப் பதிவில் அச்சாகும். அதை யாரும் படிப்பதில்லை, அதனால் யாரும் தடுப்பதும் இல்லை. நேற்று மீதி ஏழு அட்டைகளையும் தட்டச்சு செய்து கோப்பில் வைத்து செனட்டரிடம் நீட்டினேன். அவர் ஒரு கையில் சாண்ட்விச் வைத்திருந்தார். "என்னது?" என்றார். உங்கள் கேள்விகள் என்றேன். "போட்டுடு" என்றார். அவர் கையெழுத்தைப் போடும் இயந்திரத்தில் நானே போட்டேன். குழு அலுவலகத்தில் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். உனக்கு வந்து சேரும். பதிலுக்குப் பத்து நாள் அவகாசம்.

பிறகு என் மேஜையைக் காலி செய்துவிட்டு, அடையாள அட்டையைப் போன் எடுக்கும் பெண்ணிடம் கொடுத்தேன். ஏன் என்று கேட்டாள். ஊரில் கிழங்கு அறுவடை, லாரி ஓட்ட ஆள் இல்லை என்றேன். இந்த ஊரில் நான் சொன்ன முதல் உண்மை அதுதானோ என்னவோ.

மார்ச் 3 கடிதத்தில் என் பெயரை மறைக்காதே.

எல்டன்


போர்ட்டோ லினாரெஸ்
நவம்பர் 6

எல்டன்,

பதிலை அக்டோபர் 11 அன்றே அனுப்பிவிட்டேன். நகல் இத்துடன். ஏழாவது அட்டையின் கேள்விக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "செனட்டர் அவர்களே, நிறுத்தியவர் நீங்கள். எழுத்தில் ஆதாரம் இணைப்பு ஒன்று. அதை எழுதியவர் என் தம்பி. உங்கள் ஊரில் ஒரு சொல் எப்படி நிற்கும், எப்படி விழும் என்று தெரிந்தும் இந்த மக்களுக்கு வாக்குக் கொடுத்தது நான். அதையும் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள்."

உன்னை மட்டும் எழுதிவிட்டு என்னை விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீ கரும்பைப் பற்றி யாரையும் கேட்கவில்லை. நான் செனட்டைப் பற்றித் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்தேன்.

குழு அலுவலகத்துக்குப் போன் செய்து பதிவு எப்போது அச்சாகும் என்று கேட்டேன். ஜனவரியில் என்றார்கள். நம் ஊர்ப் பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். உள்பக்கத்தில், பன்றிக் கண்காட்சிக்குக் கீழே, ஆறு வரி போட்டார்கள். ப்ரெக்கஸ் ஒன்பது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்திருக்கிறார். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லாரியில் ரேடியோ இருக்குமே.

தேர்தல் முடிந்த அன்று அப்பாவுக்குப் போன் செய்தேன். அந்த ஆறு வரியை அவர் படித்திருக்கிறார். என்னை டிவியில் பார்த்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று கேட்டேன். "ப்ரெக்கஸுக்குத்தான். வேற யாருக்கும்மா போடுறது? கிழங்குக்கு அவர்தானே நிக்கறார்" என்றார். பிறகு அழுதார் என்று நினைக்கிறேன். போனை நான்தான் வைத்தேன்.

உன் மேல் இருக்கும் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் இப்போது அது உன் ஒருவன் மேல் மட்டும் இல்லை. அதனால் உன் பங்கு குறைந்திருக்கிறது. எழுத வேண்டும் என்றால் எழுது.

நேற்று கேன்டீனில் டெல்ஃபினாவிடம் விடைபெறப் போனேன். உன் மார்ச் 3 கடிதத்தை அவள் பாஷையில் வரிக்கு வரி சொன்னேன். கேட்டுக்கொண்டே தட்டுகளை அடுக்கினாள். முடிந்ததும், "அந்த செனட்டர் கோட்டாவுக்கு ஒத்துக்கிட்டது எப்போ, ஓட்டு எண்ணுறதுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்றாள். எந்தத் தேர்தல் என்று நான் கேட்டேன். அதற்கே அவளுக்கு அலுத்துவிட்டது. தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு, கல்லாவிலிருந்து ஒரு பென்சிலும் பழைய எடைச் சீட்டும் எடுத்து வந்தாள். துறைமுகத்தில் இந்த ஏழு மாதத்தில் சரக்குக் கப்பல் என்று ஒன்றுகூட வரவில்லை, ஃபெங்கை ஊருக்கே திருப்பி அழைத்துக்கொண்டுவிட்டார்கள், சீக்கிரம் இந்தக் கேன்டீனையும் மூடுவார்கள், மறுபடி மலையடிவாரத்தில் கொஞ்சம் கரும்பு நடலாம் என்று சங்கத்தில் பேசுகிறார்கள் என்றாள்.

"உங்க நாட்டுல அடுத்த தேர்தல் எப்போ, முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க. அதுக்கேத்த மாதிரி நடுறோம்."

அவள் சிரிக்கவில்லை. நான் தேதியைச் சொன்னேன். கட்சித் தேர்தலுக்கு ஒன்று, பொதுத் தேர்தலுக்கு ஒன்று என்று இரண்டு தேதி. இரண்டையும் எழுதிக்கொண்டாள்.

மாரிட்